சாத்தின கதவுக்கு அந்தப் பக்கம்

குடும்ப சீரியல் ஏன் பிடிக்குதுன்னு யாரையாவது கேட்டுப் பாருங்க, பாதிப் பேரு "சும்மா ஓடிட்டு இருக்கும், பார்ப்பேன்"னுதான் சொல்லுவாங்க, ஆனா அதே ஆளு ஒருநாள் எபிசோட் மிஸ் ஆயிடுச்சுன்னா ராத்திரி எல்லாரும் தூங்கினதுக்கப்புறம் போர்வைக்குள்ள மொபைலை வச்சுக்கிட்டு சவுண்டைக் குறைச்சுப் பார்த்துட்டுதான் கண்ணை மூடுவாரு. பிடிச்சிருக்குன்னு ஒத்துக்கறதுல என்னமோ கூச்சம். த்ரில்லர் பார்த்தேன்னு சொல்றதுக்கு இல்லாத கூச்சம், கிரிக்கெட் பார்த்தேன்னு சொல்றதுக்கு இல்லாத கூச்சம் இதுக்கு மட்டும் எங்கேர்ந்து வருதுன்னு தெரியல. பொழுது போகாதவங்க பார்க்கறது, அழறதுக்குன்னே பார்க்கறது, மூளையைக் கழட்டி ஓரமா வச்சுட்டுப் பார்க்கறதுன்னு ஊர் பூரா ஒரு முடிவுக்கு வந்தாச்சு. எனக்கு இந்த மூணுமே சரியாப் படல, அதுலயும் மூளை விஷயம் சுத்தமா சரியில்ல, ஏன்னா ஒரு நல்ல குடும்ப சீரியலை ஒழுங்கா ஃபாலோ பண்ண எவ்வளவு ஞாபகசக்தி வேணும்னு அதைப் பார்க்கிறவங்களுக்குத்தான் தெரியும்.

நான் யோசிச்சுப் பார்த்ததுல விஷயம் இதுதான். நம்ம வீட்டுல ஒரு சண்டை வருதுன்னு வைங்க. ரெண்டு வார்த்தை அதிகமாயிடுது, ஒருத்தர் எழுந்து போய் ரூம் கதவைச் சாத்திக்கிறாரு. அதோட சரி. உள்ள போய் அவர் அழுதாரா, கோபமா சுவத்தைப் பார்த்துட்டு உக்காந்தாரா, "ச்சே, இப்படிப் பேசிட்டோமே"ன்னு நினைச்சாரா, இல்ல போனை எடுத்து வேற யார்கிட்டயாவது நம்மளைப் பத்தி இன்னும் நாலு குறை சொன்னாரான்னு நமக்குக் கடைசி வரைக்கும் தெரியாது. மறுநாள் காலைல "காபி வேணுமா"ன்னு ஒரு கேள்வி வரும், நாமளும் "ம்"னு சொல்லுவோம், அதோட அந்தச் சண்டை அப்படியே அடியில போய்ப் படிஞ்சிடும். வருஷக்கணக்கா கூடவே இருக்கிறவங்க மனசுல என்ன ஓடுதுன்னு நமக்கு உண்மையிலேயே தெரியாது, ஊகம்தான்.

சீரியல்ல கேமரா அந்தக் கதவுக்குள்ள போயிடும். அவ்வளவுதான் மேட்டர். மத்த ட்விஸ்ட், மியூசிக், அழுகை எல்லாம் இதுக்கு மேல ஏத்துற அலங்காரம்னு நான் நினைக்கிறேன்.

'திஸ் இஸ் அஸ்'னு ஒரு அமெரிக்க சீரியல், 2016லேர்ந்து 2022 வரைக்கும் ஆறு சீசன், மொத்தம் 106 எபிசோட். (பார்க்கணும்னு வச்சிருக்கிறவங்க ரெண்டு பாரா தாண்டிப் போயிடுங்க, கதையைச் சொல்லப் போறேன்.) ஜாக்-ரெபெக்கா தம்பதிக்கு மூணு குழந்தை பிறக்க வேண்டியது, ஒண்ணு பிரசவத்துல இறந்துடுது, அதே நாள் ஒரு தீயணைப்பு நிலையத்துல யாரோ விட்டுட்டுப் போன ஒரு கறுப்பினக் குழந்தையைத் தத்தெடுத்துக்கறாங்க. அவன் பேரு ராண்டல். வளர்ந்து 36 வயசுல தன்னைப் பெத்த அப்பாவைத் தேடிக் கண்டுபிடிக்கிறான், அப்புறம் பார்த்தா வளர்த்த அம்மா ரெபெக்காவுக்கு அந்த அப்பா யாருன்னு ஆரம்பத்துலேர்ந்தே தெரியும், இத்தனை வருஷமா மறைச்சிருக்காங்க. ராண்டல் பக்கம் நின்னு பார்த்தா அது துரோகம், வேற பேரே இல்ல. ஆனா நாம முன்னாடியே ரெபெக்காவோட அந்தப் பயத்தைப் பார்த்துட்டோம். இந்த ஆளு வந்து பிள்ளையைத் தூக்கிட்டுப் போயிட்டா என்ன பண்றதுன்னு ஒரு சின்ன வயசு அம்மா நடுங்கறதைக் கிட்டக்க இருந்து பார்த்தாச்சு. இப்ப ராண்டல் கத்தும்போது நம்மால அவன் பக்கமும் முழுசா சாய முடியாது, அம்மா பக்கமும் முழுசா சாய முடியாது. ராண்டலுக்குத் தெரியாத ஒண்ணு நமக்குத் தெரியும், ஆனா ஸ்கிரீனுக்குள்ள போய் சொல்ல முடியாது. அந்த இடத்துல வர்ற கண்ணீர் இருக்கே, அது சோகத்துல வர்றது இல்ல, "டேய் ஒரு நிமிஷம் இருடா, அவங்க ஏன் பண்ணாங்கன்னு கேளுடா"ன்னு சொல்ல முடியாத தவிப்புல வர்றது.

இன்னொண்ணும் அந்த சீரியல்ல கவனிச்சேன். அப்பா ஜாக் செத்துப் போயிட்டாருன்னு முதல் சீசன்லயே சொல்லிடுவாங்க, எப்படின்னு மட்டும் சொல்லாம இழுத்து இழுத்து, ரெண்டாவது சீசன்ல 2018 பிப்ரவரி 4ஆம் தேதிதான் அந்த எபிசோடை ஒளிபரப்பினாங்க, அதுவும் சூப்பர் பவுல்ங்கற அமெரிக்கக் கால்பந்து ஃபைனல் மேட்ச் முடிஞ்ச கையோட. பழைய காலக் காட்சி ஒவ்வொண்ணுலயும் அவர் பசங்களோட சிரிச்சு விளையாடிட்டு இருப்பாரு, அவருக்கு மட்டும் தெரியாது, பார்க்கிற நமக்குத் தெரியும். சாதாரணமா ஷேவ் பண்ணிட்டு நிக்கிற சீன்கூட தொண்டையை அடைக்கும். கடைசில ஒரு பழைய மின்சார சமையல் பாத்திரத்தோட ஸ்விட்ச் கோளாறுல வீடு தீப்பிடிக்குதுன்னு காட்டினதும், ஜனங்க தங்கள் வீட்டுப் பாத்திரத்தைத் தூக்கிப் போடறோம்னு பொங்கிட்டாங்க, அந்தப் பாத்திரத்தைத் தயாரிக்கிற கம்பெனி "எங்க சாமான் பாதுகாப்பானதுதான்"னு நிஜமாவே அறிக்கை விட வேண்டியதாப் போச்சு. கதையில வர்ற ஒரு ஸ்விட்சுக்கு நிஜக் கம்பெனி பதில் சொல்லுது! சிரிப்பா இருக்கும், ஆனா யோசிச்சா அந்த ஜனங்களுக்குக் கோபம் பாத்திரத்து மேல இல்ல, ஒன்றரை வருஷமா வரப் போகுதுன்னு தெரிஞ்சும் தடுக்க முடியாம உக்காந்திருந்தோமே, அந்தக் கோபத்தை எங்கயாவது கொட்டணும்ல.

சரி, சீரியலைப் பிடிக்காதவங்க சொல்ற பெரிய குறைக்கு வருவோம். "ஒரே விஷயத்தை நாலு நாள் இழுக்கிறான்." வாஸ்தவம்தான், இழுக்கிறாங்க. ஆனா எப்படி இழுக்கிறாங்கன்னு பாருங்க. வீட்டுப் பொண்ணு கர்ப்பமா இருக்கான்னு ஒரு நியூஸ். அவ முதல்ல தங்கச்சிகிட்ட சொல்றா, தங்கச்சி அம்மாகிட்ட சொல்றா, அம்மா அப்பாகிட்ட சொல்லலாமா வேண்டாமான்னு ஒரு எபிசோட் யோசிக்கிறாங்க, குழந்தையில்லாத அண்ணி கதவோரம் நின்னு கேட்டுடுறா, அண்ணன் கடைசியில வெளி ஆள் ஒருத்தர் மூலமா தெரிஞ்சுக்கிறான். புதுசா வந்து உக்கார்ற ஆளுக்கு இது ஒரே நியூஸ், அஞ்சு தடவை சொல்றாங்க, போர். தினமும் பார்க்கிறவங்களுக்கு இது அஞ்சு வேற வேற சம்பவம். தங்கச்சிகிட்ட முதல்ல சொன்னதே ஒரு சம்பவம், ஏன்னா ஆறு மாசம் முன்னாடி ரெண்டு பேருக்கும் பேச்சே இல்ல. அண்ணி காதுல விழுந்தது இன்னொரு சம்பவம், அவ முகத்துல சந்தோஷம் வருமா வலி வருமான்னு பார்க்கத்தான் அந்தக் க்ளோஸப். அண்ணன் கடைசியா தெரிஞ்சுக்கிட்டதுல வெடிக்கப் போற சண்டைக்கு இப்பவே திரி வச்சாச்சு. குடும்பத்துல ஒரு விஷயம் நடக்கறதைவிட அது யாருக்கு முதல்ல தெரிஞ்சுது, யாரு மூலமா தெரிஞ்சுது, யாருக்குக் கடைசியா சொன்னாங்கங்கறதுதான் பெரிய விஷயம்னு குடும்பத்துல வாழ்ந்த எல்லாருக்கும் தெரியும். சீரியல் எழுதறவங்களுக்கு அது எப்பவோ தெரிஞ்சிருக்கு.

எப்பவோன்னா நிஜமாவே எப்பவோ. டிவி வர்றதுக்கு முன்னாடி ரேடியோ காலத்துலயே. 1930ல சிகாகோ ரேடியோவுல இர்னா பிலிப்ஸ்ங்கற அம்மா, முன்னாடி டீச்சரா இருந்தவங்க, பகல் நேரத்துல வீட்டுல இருக்கிற பெண்களுக்காகத் தொடர் நாடகம் எழுத ஆரம்பிச்சாங்க, சோப்பு கம்பெனிங்க விளம்பரம் கொடுத்து நடத்தினதால அந்த வகைக்கே சோப் ஓபரான்னு பேரு வந்துச்சு. அவங்க உருவாக்கின 'கைடிங் லைட்' 1937ல ரேடியோவுல ஆரம்பிச்சு, 1952ல டிவிக்கு மாறி, 2009 செப்டம்பர் வரைக்கும் ஓடுச்சு. 72 வருஷம்! பாட்டி கேட்க ஆரம்பிச்ச கதையை பேத்தி பார்த்து முடிச்சிருப்பா. டிவிக்கு வந்தப்பவும் அவங்க கதையை ஓட விடல, மெதுவாவே நடத்தினாங்க, முகத்தை நிதானமாக் காட்டினாங்க. சினிமாத் திரையில முகம் ஒரு கட்டிடம் அளவுக்குப் பெருசாத் தெரியும், டிவியில கிட்டத்தட்ட நிஜ மனுஷ முகம் அளவுலதான் தெரியும், அதுவும் நம்ம ஹால்லயே. நமக்கு எதிர்ல உக்காந்து பேசற ஆளு மாதிரி. அதனாலதான் டிவிக்கு மலையும் கடலும் அவ்வளவா ஒத்து வரல, முகம் ஒத்து வந்துச்சுன்னு எனக்குத் தோணும்.

பணக்கார வீட்டுக் கதையா இருந்தா என்ன நம்ம கஷ்டமா, அதை ஏன் பார்க்கணும்னு ஒரு கேள்வி வரும். இதுக்கு ஒரு நல்ல பதில் நெதர்லாந்துல கிடைச்சுது. 1980கள் தொடக்கத்துல 'டாலஸ்'னு அமெரிக்க எண்ணெய் முதலாளி குடும்பத்துக் கதை உலகம் முழுக்க சக்கைப்போடு போட்டப்ப, இயென் ஆங்னு ஒரு ஆய்வாளர் ஒரு பெண்கள் பத்திரிகையில சின்னதா விளம்பரம் கொடுத்தாங்க, எனக்கு டாலஸ் பிடிக்கும், ஆனா அதுக்கு விநோதமான ரியாக்ஷன் எல்லாம் வருது, உங்களுக்கு ஏன் பிடிக்குது இல்ல பிடிக்கலன்னு எழுதுங்களேன்னு. 42 கடிதம் வந்துச்சு. அதுல பிடிச்சவங்க பலர், கதை நிஜம் மாதிரி இருக்குன்னு எழுதியிருந்தாங்க. எது நிஜம்? பண்ணை வீடு, எண்ணெய்க் கிணறு, ராத்திரியும் கலையாத மேக்கப், இதுல எது? ஆங் கண்டுபிடிச்சது என்னன்னா, அவங்க நிஜம்னு சொன்னது வெளியில தெரியற வாழ்க்கையை இல்ல, உள்ள ஓடற உணர்ச்சியை. அண்ணன் தம்பி போட்டி, அப்பா யாரை அதிகமா மதிக்கிறாருங்கற ஏக்கம், இன்னைக்கு சமாதானம் ஆனா நாளைக்கு மறுபடி உடையுங்கற நிலையில்லாமை, இதெல்லாம் சோஃபா விலையைப் பார்த்து மாறாது. நாலு ரூம் மாளிகையா இருந்தாலும் ஒத்தை ரூமா இருந்தாலும் சாத்தற கதவு ஒண்ணுதான்.

அப்புறம் பழக்கம். தினமும், இல்ல வாரா வாரம், அதே நேரத்துல அதே முகங்களைப் பார்த்தா ஒரு உறவு மாதிரி ஆயிடுது. 1956லயே ஹார்ட்டன், வோல்னு ரெண்டு பேரு இதைப் பத்தி ஆய்வுக் கட்டுரை எழுதிட்டாங்க, டிவியில வர்றவங்களோட நமக்கு வர்ற ஒருபக்க நெருக்கத்தைப் பத்தி. நமக்கு அவங்களைத் தெரியும், அவங்களுக்கு நம்மளைத் தெரியாது. பிரிட்டன்ல 'கோரனேஷன் ஸ்ட்ரீட்' 1960 டிசம்பர்லேர்ந்து ஓடுது, முதல் எபிசோட்ல காலேஜ் பையனா வந்த வில்லியம் ரோச் அறுபது வருஷத்துக்கு மேல அதே கென் பார்லோவா வந்தாரு, அவரு முடி நரைச்சது, முகம் சுருங்கினது எல்லாத்தையும் ஒரு தேசமே பார்த்துச்சு. அந்த சீரியல்ல 1998ல டீயர்ட்ரின்னு ஒரு கேரக்டரை செய்யாத தப்புக்கு ஜெயில்ல போட்டதும் பத்திரிகைங்க அவங்களை விடுதலை பண்ணச் சொல்லி இயக்கமே நடத்துச்சு, பிரதமர் டோனி பிளேர் வரைக்கும் அந்தப் பேச்சு போச்சு. பாதி விளையாட்டுதான், எல்லாருக்கும் அது கதைன்னு தெரியும். பாதி விளையாட்டு இல்லைங்கறதுதான் எனக்கு சுவாரஸ்யம், ஏன்னா அவ நிரபராதின்னு பார்க்கிற அத்தனை பேரும் கண்ணால பார்த்த சாட்சி, சாட்சியை மட்டும் யாரும் கோர்ட்டுக்குக் கூப்பிடல.

தூர்தர்ஷன்ல 1984 ஜூலையில ஆரம்பிச்ச 'ஹம் லோக்'ல இதை இன்னும் நேரடியாவே பண்ணாங்க. எபிசோட் முடிவுல நடிகர் அசோக் குமார் வந்து, இன்னைக்கு நடந்ததைப் பத்தி வீட்டுப் பெரியவர் மாதிரி ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போவாரு. அவருக்குக் கடிதம் குவிஞ்சுது, அதுல இளவட்டங்க நிறைய பேரு கேட்டது, எங்க காதலுக்கு எங்க அப்பா அம்மாவை நீங்க சம்மதிக்க வைங்கன்னு. அவரு யாரு, இவங்க வீட்டுக்கு என்ன சம்பந்தம்? ஆனா அந்தப் பிள்ளைங்க கணக்கு ரொம்பத் தெளிவு. நம்ம வீட்டுல நேருக்கு நேர் பேச முடியாததை, எல்லாரும் சேர்ந்து உக்காந்து கேட்கிற ஒரு ஆளு வாயால சொல்ல வச்சிட்டா வேலை முடிஞ்சுது.

இது எங்க வீட்டுலயும் நடந்திருக்கு, கொஞ்சம் கோணலா. நான் வேலைக்குப் போய் வேற ஊர்ல இருந்த காலத்துல அடிக்கடி போன் பண்ண மாட்டேன்னு அம்மாவுக்கு வருத்தம், நேரா ஒருநாளும் சொன்னதில்ல. லீவுல வந்து கூட உக்காந்து சீரியல் பார்த்துட்டு இருக்கேன், அதுல ஒரு பையன் வீட்டுக்குத் தகவலே சொல்லாம எங்கயோ போயிட்டு வர்றான். அம்மா ஸ்கிரீனைப் பார்த்துக்கிட்டே, மடியில துணி மடிச்சுக்கிட்டே, "ஒரு போன் பண்ணிச் சொன்னா விரலா தேஞ்சிடும் இவனுக்கு?"ன்னாங்க. நான், "அவனுக்கு அங்க என்ன டென்ஷனோம்மா"ன்னேன். "டென்ஷன்ல இருக்கிறவன்தான் வீட்டுக்குப் பேசணும்." "பேசினா அவங்க இன்னும் பயப்படுவாங்கன்னு நினைச்சிருப்பான்." அம்மா துணியை ஒரு தட்டு தட்டி வச்சுட்டு, "பேசலன்னா பயமே இருக்காதாமா?"ன்னாங்க. அப்பா பேப்பருக்குப் பின்னாலேர்ந்து, "விளம்பரம் போட்டாச்சு, அவன் கேக்க மாட்டான், விடுங்க"ன்னாரு. நாங்க ரெண்டு பேரும் அதுக்கப்புறம் அந்தப் பையனைப் பத்தி இன்னும் கொஞ்ச நேரம் சண்டை போட்டோம், எங்களைப் பத்தி ஒரு வார்த்தை பேசல, எல்லாம் பேசியாச்சு. டிவி வந்ததால குடும்பத்துல பேச்சு குறைஞ்சு போச்சுன்னு சொல்றவங்க இப்படி ஒரு பேச்சைக் கேட்டதில்ல போல.

எல்லா சீரியலையும் தூக்கி வச்சுப் பேசறேன்னு நினைக்காதீங்க. கண்ணீரைப் பிழியற சாமர்த்தியம் எனக்கு எரிச்சலாத்தான் வரும். முகத்துல ஒண்ணுமே இல்லாதப்ப வயலினை விட்டு அழ வைக்கிறது, ஒருத்தரை மூணு கோணத்துல மூணு தடவை திரும்பிப் பார்க்க வைக்கிறது, ரேட்டிங் இறங்கினா யாருக்காவது ஆக்சிடென்ட், அதுவும் போதலன்னா ஞாபக மறதி. வில்லியை எடுத்துக்குங்க, கெட்டவளா இருக்கிறதைத் தவிர அவளுக்கு வேற வேலையே இல்லன்னா எனக்கு அவ மேல கோபம்கூட வராது, போர்தான் அடிக்கும். அவ ரூமுக்குள்ள கேமரா போய் அவளுக்கு எது வலிக்குதுன்னு காட்டினா அப்ப பாருங்க, மறுநாள் அவ பண்ற அநியாயத்துக்கு ரெண்டு மடங்கு கோபம் வரும், கூடவே பாவமாவும் இருக்கும். சுமாரான சீரியலுக்கும் நல்ல சீரியலுக்கும் வித்தியாசம் பெரும்பாலும் இங்கதான். எத்தனை பேர் கதவைத் திறக்கிறாங்கங்கறதுல. நல்லவங்க கதவை மட்டும் திறந்தா அது சும்மா கட்சி சேர்க்கிற வேலை.

மொத்த எபிசோடையும் ஒரே மூச்சுல பார்த்துத் தீர்க்கிறதும் எனக்கு ஒத்து வரல, இது என் பழக்கதோஷம்னு வச்சுக்கோங்க. நடுவுல காத்திருக்கிற நேரத்துலதான் நாம அவங்களைப் பத்தி யோசிக்கிறோம், அவ சொல்லியிருப்பாளா, அவன் மன்னிப்பானான்னு பாத்திரம் கழுவும்போது ஓடும்ல, அந்த நேரம் இல்லாம ஒரு உறவு எப்படி வளரும். அடுத்த எபிசோட் தானா ஓட ஆரம்பிச்சிடுச்சுன்னா அழுத கண்ணு காயறதுக்குள்ள அடுத்த கல்யாணம் வந்துடுது.

பிடிச்ச சீரியலை விட்டுட்டுப் போன ஆளுங்களைக் கேட்டா பெரும்பாலும் கதை மோசமாச்சுன்னு சொல்லுவாங்க. ஆனா கதை மோசமா போறதையெல்லாம் நாம தாங்கிப்போம், அதுல நமக்கு நல்ல பயிற்சி இருக்கு. தாங்க முடியாதது, நமக்கு ஞாபகம் இருக்கிறது எழுதறவங்களுக்கு மறந்து போறது. அஞ்சு வருஷம் முன்னாடி தங்கச்சிக்காகத் தன் படிப்பையே விட்டவ இன்னைக்கு அதே தங்கச்சியை ஒரு காரணமும் இல்லாம வீட்டை விட்டுத் துரத்தினா, அந்தப் பழைய காட்சியைப் பார்த்து அழுதவங்க எங்க போறது? இதுக்கு உச்சம் அதே டாலஸ்தான். 1985ல அந்த எண்ணெய்க் குடும்பத்து மகன் பாபி யூயிங் கேரக்டரை சாகடிச்சாங்க, அந்த நடிகர் விலகிட்டாரு. ஒரு முழு சீசன் பாபி இல்லாம ஓடுச்சு, பொண்டாட்டி பாம் துக்கத்துலேர்ந்து மெல்ல மெல்ல மீண்டு, வேற ஒருத்தரைக் கல்யாணமும் பண்ணிக்கிட்டா. நடிகர் திரும்பி வர ஒத்துக்கிட்டதும் 1986 மே மாசம் சீசன் கடைசி எபிசோட்ல அவ தூங்கி எழுந்து பார்க்கிறா, பாத்ரூம்ல ஷவர்ல பாபி நின்னு குட் மார்னிங் சொல்றாரு. அடுத்த சீசன்ல விளக்கம் சொன்னாங்க, அந்த ஒரு வருஷம் முழுக்க பாம் கண்ட கனவாம். சீரியல் அதுக்கப்புறமும் 1991 வரைக்கும் ஓடுச்சுதான், பாபி திரும்பி வந்ததுல சந்தோஷப்பட்டவங்களும் இருப்பாங்கதான், ஆனா பாமோட சேர்ந்து ஒரு வருஷம் துக்கம் காத்தவங்களுக்கு அது நடந்த விஷயம், அவளுக்கு மட்டும் நடக்கல, அதைப் பத்திப் பேசக்கூட இனிமே அந்தக் குடும்பத்துல ஆளு கிடையாது.